முதற் பிரதிக்குப் பிறகு

சென்ற நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று அலுமாரியை இழுத்தபோது, பின்னால் ஐந்து அட்டைப் பெட்டிகள் அகப்பட்டன. உள்ளே இருந்தது என்னுடைய முதலாவது சிறுகதைத் தொகுதி. அச்சடித்தது 500 பிரதிகள். எண்ணிப் பார்த்தேன், 312 மிச்சம். பொல்பிட்டியவில் பெய்யும் மழை எதையும் விட்டுவைக்காது. மேலே இருந்த பிரதிகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆனால் ஒன்றின் பக்கமாவது மடிந்திருக்கவில்லை.

அந்த நூலின் வெளியீட்டு விழா நன்றாகத்தான் நடந்தது. கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, ஆய்வுரை, கவி வாழ்த்து. முதற் பிரதியை ஒரு தனவந்தர் பெற்றுக்கொண்டு கவரொன்றைக் கையில் தந்தார். நூலுக்குள் ஆசியுரை ஒன்று, அணிந்துரை இரண்டு, வாழ்த்துரை மூன்று. ஆய்வுரை நிகழ்த்தியவர் ஏழு கதைகளில் இரண்டைத்தான் வாசித்திருந்தார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. நான் மனவருத்தப்படவில்லை. நானும் மற்றவர்களின் விழாக்களில் அப்படிப் பேசியவன்தான்.

அதன்பிறகு பல வருடங்கள் நானும் ஒரே பல்லவியைப் பாடித் திரிந்தேன்: “நம்மட ஆக்கள் வாசிக்கிறல்ல.” நமது எழுத்தாளர்கள் நாலுபேர் சேர்ந்தால் பேச்சு இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். இந்தக் குற்றச்சாட்டில் பாதி பொய் என்பதை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. பிரதி கைமாறுவதையே வாசிப்பு என்று நாம் எண்ணிக்கொண்டோம். முதற் பிரதி பெற்றவர் புரவலர். அவருடைய உதவியை மறுக்கவில்லை, அச்சுக்கூலி அவரால்தான் அடைபட்டது. ஆனால் புரவலர் வேறு, வாசகர் வேறு.

நமக்கு முன்னால் இந்த மலைநாட்டில் எழுதியவர்கள் வாசகரை எப்படித் தேடினார்கள் என்று பார்ப்போம். கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்றான ‘அசன்பே சரித்திர’த்தை 1885இல் வெளியிட்டார். இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே, 1882இல், அவர் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிவிட்டார் என்பதன் பொருளை நாம் யோசிப்பதில்லை. மாலை, முனாஜாத்து, கிஸ்ஸா என்று ஓசையோடு கேட்டுப் பழகிய சமூகம் அது. அவர்களிடம் உரைநடையைப் பத்திரிகையாக முதலில் கொடுத்தார். அதிலே கல்வி பற்றிச் சண்டை பிடித்தார். கதைப் புத்தகம் அதற்குப் பிறகே வந்தது. அந்தக் கதையும் மிஸ்ரில் பிறந்த ஒரு பிள்ளை களவாடப்பட்டுப் பம்பாய்க்கு வந்து சேரும் கதை. அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கவைப்பது. சீர்திருத்தக்காரர்தான், ஆனாலும் அவர் உபதேசத்தை மட்டும் நம்பி எழுதவில்லை.

அடுத்தது கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும். தோட்டத்துக்குள் வெளியார் கால் வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரி வேசத்தில் லயங்களுக்குப் போனவர் நடேசய்யர். இதை வாசிக்கும்போதெல்லாம் என் மூத்தவாப்பாவின் ஞாபகம் வரும். அவர் உண்மையாகவே புடவை மூட்டை சுமந்து லயம் லயமாகப் போனவர். நடேசய்யர் ‘தேசபக்தன்’ நடத்தினார். ஆனால் தோட்டத்தில் பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? மீனாட்சி அம்மை பாட்டு எழுதினார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் எழுதி, கூட்டங்களில் தானே பாடினார். 1940இல் அவை சிறு நூலாகவும் வந்தன. எழுத்தறியாதவரையும் தன் வாசகராக எண்ணி, அவருடைய காதுக்கு எழுதியவர் அவர். எழுத்து நுட்பம், வாசகரைச் சென்றடைதல் என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுவது அவரிடத்தில் ஒரே வேலையாக இருந்தது.

பிரசுரப் பக்கத்திலும் நமக்குக் குறைவில்லை. கல்ஹின்னை என்ற முஸ்லிம் கிராமத்தின் பெயரை எஸ்.எம். ஹனிபா தன் தமிழ் மன்றத்தின் மூலம் நூல்களில் ஏற்றினார். 1950களில் சு. வித்தியானந்தனின் நூல்களை வெளியிட்டது அந்த மன்றம். உடத்தலவின்னையில் இருந்து பீ.எம். புன்னியாமீன் ‘சிந்தனை வட்டம்’ மூலம் நூற்றுக்கணக்கில் நூல்கள் கொண்டுவந்தார், எழுத்தாளர் விபரங்களையும் தொகுதி தொகுதியாகத் திரட்டினார். கொழும்புக்குப் போகாமலும் புத்தகம் போடலாம் என்று காட்டியவர்கள் இவர்கள். ஆகவே அச்சு நமக்குத் தடையல்ல. தடை எங்கே என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

எனக்கு அதைக் காட்டியது பத்தாம் வகுப்பு. பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பிரதியை வகுப்புக்குக் கொண்டுபோய்த் தலைப்புக் கதையை வாசித்தேன். கதை இதுதான்: தோட்டச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. கடன் ஏறிப்போன ஒரு கொழுந்தெடுக்கும் பெண். பெருநாளுக்கு முதல்நாள் முதலாளி மனம் இளகிக் கணக்கைக் கிழித்துவிடுகிறார். விழாவில் இந்தக் கதைக்குத்தான் கைதட்டல் அதிகம்.

வாசித்து முடித்ததும் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழும்பினாள். “சேர், கதையில மொதலாளிக்குப் பேரு இருக்கு, அவரு மகனுக்குப் பேரு இருக்கு, கடையில படுத்திருக்கிற பூனைக்குக்கூடப் பேரு இருக்கு. அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் சேர் பேரு இல்ல?”

நான் பதில் சொல்லவில்லை. பக்கம் பக்கமாகத் தேடினேன். பெயர் இல்லைதான். “ஏழாம் காம்பராக்காரி” என்று மட்டும் இருந்தது. வாப்பாவின் கடைக் கணக்குக் கொப்பியில் அப்படித்தான் எழுதியிருக்கும். கடன் தந்தவரின் கொப்பியை நான் கதை என்று பிரதி பண்ணியிருந்தேன். அணிந்துரை இரண்டு, வாழ்த்துரை மூன்று, தமிழ் சிறப்புப் பட்டம் பெற்ற நான் ஒருவன் – ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. சந்திப் பிழைகளை மட்டும் மூன்று முறை ஒப்புநோக்கியிருந்தேன்.

அன்றிலிருந்து நமது கதைகளை அந்தக் கேள்வியோடு வாசிக்கிறேன். பெயர் சொல்லி யாரையும் குறைகூற வரவில்லை, முதல் குற்றவாளி நானே. ஆனாலும் சில பழக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சீதனம் வாங்கும் மாமியார் கடைசிப் பந்தியில் திருந்துகிறார். கதை முடியும் இடத்தில் ஒரு சிறு குத்பா தொடங்குகிறது. பாத்திரங்கள் வீட்டில் பேசுவதை விட்டுப் பரீட்சைத் தாள் தமிழ் பேசுகிறார்கள். பக்கத்து லயத்துச் சனம் நம் கருணையைக் காட்டுவதற்காக மட்டும் கதைக்குள் வந்து, கருணை கிடைத்ததும் போய்விடுகிறார்கள். இப்படி எழுதினால் வாசகர் தன்னை அதில் எங்கே தேடுவார்?

கதையைத் திருத்தி எழுதினேன். பெயர் ஒன்று வைப்பது லேசு என்றுதான் நினைத்தேன். பெயர் வைத்ததும் அவளுக்கு ஒரு தாய் வந்தாள், ஒரு கோயில் திருவிழா வந்தது, கணக்கு வாசிக்கத் தெரிந்த ஒரு மகள் வந்தாள். மகள் கொப்பியைக் கூட்டிப் பார்க்கிறாள், கூட்டுத்தொகை பிழை. இப்போது முதலாளி கிழிப்பதற்கு அவ்வளவு கடன் அங்கே இல்லை. கைதட்டல் வாங்கிய முடிவு உடைந்து போனது. ஆறு மாதம் மேசை லாச்சிக்குள் கிடந்து, நான்கு தடவை மாறியது.

இளம் எழுத்தாளர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நூலாக்க அவசரப்பட வேண்டாம், ஒவ்வொரு கதையையும் முதலில் பத்திரிகைக்கோ வானொலிக்கோ அனுப்புங்கள். அச்சுக்குக் கொடுக்க முன் சத்தமாக வாசியுங்கள், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களில் ஒருவருக்கு. ஆறு வாழ்த்துரைக்கு அலையும் நேரத்தில், கண்டிப்பான ஒருவரிடம் செம்மை பார்க்கக் கொடுங்கள். 500 அடித்து 312ஐ அலுமாரிக்குப் பின்னால் வைப்பதைவிட, 200 அடித்துப் பாடசாலை நூலகம், பள்ளிவாசல் வாசிகசாலை, தோட்டத்து முன்பள்ளி என்று நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யைக் கையில் சுமந்து விற்றது பணத்துக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. வாங்கியவர் அடுத்தமுறை வாசலிலேயே அபிப்பிராயம் சொல்லியிருப்பார்.

திருத்திய கதையின் தட்டச்சுப் பிரதியை அந்த மாணவி வீட்டுக்குக் கொண்டுபோனாள், தாய்க்கு வாசித்துக் காட்ட. இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தாள்.

“அம்மா கேட்டாங்களா?”

“கேட்டாங்க சேர். ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாங்க. ஒரு பிழை இருக்காம். காலையில பத்து மணிக்கு அந்தம்மா கடைக்கு வர ஏலாதாம். அந்நேரம் மலையிலதான் நிப்பாங்களாம்.”

பென்சிலால் ‘பத்து மணி’யைச் சுற்றி ஒரு வட்டம் போடப்பட்டிருந்தது. கோடு நடுங்கியிருந்தது, அது மாணவியின் கை அல்ல. என் எழுத்து ஒரு வாசகரைப் போய்ச் சேர்ந்ததற்கு என்னிடம் உள்ள முதல் அத்தாட்சி அதுதான், அல்ஹம்துலில்லாஹ். பத்து மணியை ஐந்தரை என்று மாற்றிவிட்டேன்.