நானூற்றுக்குப் பதினொன்று

ஆறு வாரமாக இந்த 9 எம்எம் பிஸ்டலோடு மல்லுக்கட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். பதினைந்து தோட்டா மேகசின், பாலிமர் உடல் என்று இந்த ரகத்தில் எல்லோரும் தருவதைத்தான் இவர்களும் தருகிறார்கள். டிரிகர் வெண்ணெய். பிடி என் உள்ளங்கையை அளவெடுத்துச் செய்தது போல உட்காருகிறது. சனியன், அதனால்தான் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

ஹூஸ்டனில் ரேஞ்சுக்குப் போய் இதுவரை 400 தோட்டா சுட்டாயிற்று. பதினொரு முறை சிக்கியது. எல்லாம் ஒரே மாதிரிதான்: வெடித்து முடிந்த பித்தளைக் கூடு வெளியே தெறிக்காமல், பின்னால் போய்த் திரும்பும் ஸ்லைடில் மாட்டிக்கொண்டு புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இங்கே இதற்குப் பெயரே ஸ்டவ்பைப்.

கடையில் காட்டினேன். "உங்க மணிக்கட்டு தளர்ச்சியா இருக்கு" என்றார்கள். பிடி தளர்ந்தால் இப்படி ஆவதுண்டு, மறுக்கவில்லை. இருபது வருஷமாகச் சுடும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் கையிலும் இரண்டு தடவை சிக்கியது. மேகசின்களில் 1, 2 என்று எழுதி ஒட்டி மாற்றி மாற்றிப் பார்த்தேன், இரண்டும் யோக்கியமில்லை. 115 கிரெயின் தோட்டாவை விட்டு 124 கிரெயினுக்குப் போனேன், குறைந்தது, நிற்கவில்லை. எனக்குச் சந்தேகம் எக்ஸ்ட்ராக்டர் மேல்தான். கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் சின்னக் கொக்கி அது.

மிக்சியில் ஆபத்தான கோளாறு என்றால் அரசு தலையிட்டுத் திரும்பப் பெற வைக்கலாம். துப்பாக்கிக்கு அந்த வழி கிடையாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் துப்பாக்கி, தோட்டா பக்கமே வரக்கூடாது என்று 1976இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. டெக்சஸில் ஓட்டைப் புதுக் கார் வாங்கியவனுக்கு லெமன் சட்டம் இருக்கிறது; எனக்கு வாரண்டி அட்டை மட்டும்தான்.

590 டாலருக்கு விற்ற கடைக்காரர், 340க்கு எடுத்துக்கொண்டு வேறு தருவதாகச் சொன்னார். சரி என்று சொல்ல வாயெடுத்தவன், அவர் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்த பழைய துப்பாக்கி வரிசையைப் பார்த்துவிட்டேன். இதுவும் அங்கேதான் போய் உட்காரும். "இது சிக்கும்னு எழுதி ஒட்டுவீங்களா?" என்றேன். சிரித்தார். நடுராத்திரி கதவை உடைக்கும் சத்தம் கேட்டு இதைக் கையிலெடுக்கும் யாரோ ஒருவருக்குப் பன்னிரண்டாவது ஸ்டவ்பைப்பை விற்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே மாற்றவில்லை. கம்பெனி தந்த லேபிளை ஒட்டி நேற்று அனுப்பிவிட்டேன். பழுது பார்த்து நேரே வீட்டுக்கே அனுப்பலாம். கடைக்குப் போய், வாங்கும்போது நிரப்பிய 4473 படிவத்தை மறுபடி நிரப்பும் தொல்லையில்லை. திரும்பி வந்ததும் தொடர்ச்சியாக 200 தோட்டா. ஒன்றுகூடச் சிக்காவிட்டால் வைத்துக்கொள்வேன். சிக்கினால் பணத்தைத் திருப்பிக் கேட்பேன். அதுவரை பெட்டகத்தில் பழைய .38 ரிவால்வர்தான்.