முடிவு உங்கள் கையில்!

உங்களையும் உங்களோடு வேலை பார்க்கும் பதினைந்து பேரையும் முதலாளி கூப்பிடுகிறார். ‘ஆளுக்கு 1,000 யூரோ போனஸ் தரேன். ஆனா, லீவுல இருக்கிற அந்தப் பொண்ணை வேலையை விட்டு எடுத்துடணும். ரெண்டும் எனக்குக் கட்டுப்படியாகாது. எது வேணும்னு நீங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லிடுங்க’ என்கிறார். நீங்கள் எதற்குப் போடுவீர்கள்? உடனே நல்லவராகிவிட வேண்டாம், கொஞ்சம் யோசியுங்கள். 2014 கணக்கில் அது ஏறக்குறைய 80 ஆயிரம் ரூபாய்.

பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள் ழான்-பியர், லூக் இருவரும் 2014-ல் எடுத்த ‘டூ டேஸ், ஒன் நைட்’ படத்தில், ஒரு சின்ன சோலார் பேனல் கம்பெனியின் 16 தொழிலாளிகள் முன்னால் வைக்கப்படுவது இந்தக் கேள்விதான். பெரும்பாலானவர்கள் போனஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். லீவில் இருந்தவள் சாண்ட்ரா (மரியான் கோத்தியார்). மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு அப்போதுதான் தேறி வருகிறாள். இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன், ஓட்டல் கிச்சனில் வேலை பார்க்கும் கணவன். அவள் இல்லாத நாட்களில் கம்பெனி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. 16 பேர் கொஞ்சம் ஓவர்டைம் பார்த்தால் 17 பேர் வேலை முடிந்துவிடுகிறது!

‘அவ போகலேன்னா உங்கள்ல வேற யாராவது போகணும்’ என்று ஃபோர்மேன் பயமுறுத்தித்தான் அந்த ஓட்டு விழுந்தது என்று தெரியவருகிறது. கூட வேலை பார்க்கும் தோழி, சாண்ட்ராவை இழுத்துக்கொண்டு போய் முதலாளியைப் பிடிக்கிறாள். சரி, திங்கட்கிழமை காலை ரகசிய ஓட்டெடுப்பு என்கிறார் அவர். நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. வீடு வீடாகப் போய் காலிங்பெல் அடித்து, ‘உங்க போனஸை விட்டுக் கொடுங்க’ என்று கேட்க வேண்டும். இதைவிட ஒரு தண்டனை இருக்கிறதா, சொல்லுங்கள்?

வில்லனே இல்லாத படம் என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. முதலாளி துய்மோன் மொத்தமே சில நிமிடங்கள்தான் வருகிறார். கத்துவதில்லை, திட்டுவதில்லை. ஆசியக் கம்பெனிகளின் போட்டி பற்றி அவர் சொல்வது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால், தான் எடுக்க வேண்டிய முடிவைத் தொழிலாளிகள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ஓட்டெடுப்பு என்று பெயர் வைத்தாரே, அதைவிட வில்லத்தனம் என்ன வேண்டும்? பழி எல்லாம் அவர்களுக்கு. இவர் கை சுத்தம்.

அதன் பலனைப் பாருங்கள். ஒரு வீட்டில் மகன் அப்பாவையே அடித்துச் சாய்க்கிறான். இன்னொரு வீட்டில் மனைவி, கணவனைவிட்டே வெளியேறுகிறாள். ஒருத்தி வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிறாள். ஒப்பந்த ஊழியரான அல்ஃபோன்ஸ், மனசு சாண்ட்ரா பக்கம்தான் என்றாலும் ஃபோர்மேனை நினைத்து நடுங்குகிறார். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ் என்று சொல்லி கம்பெனிகள் யோகா வகுப்பு நடத்துகின்றனவே, அவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். சாண்ட்ரா மாத்திரையாக விழுங்கிக்கொண்டே இருக்கிறாள். வியாதியைக் கொடுத்த இடம் வேறு, மருந்து சாப்பிடுகிற வாய் வேறு.

தீமூர் என்கிற இளைஞன் வரும் காட்சிக்காகவே படத்தை இரண்டாவது முறை பார்க்கலாம். சின்னப் பையன்களுக்கு கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். சாண்ட்ராவைப் பார்த்ததும் மைதானத்திலேயே உடைந்து அழுகிறான். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த தப்பை, தான் செய்ததாகச் சொல்லி ஏற்றுக்கொண்டவள் அவள். தலைமைப் பண்பு என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். இந்தக் கம்பெனியில் அது இருந்தது, பதவி இல்லாத ஒருத்தியிடம். தார்தென்கள் இதற்கு வயலின் வாசிக்கவில்லை, குளோஸப்பில் பிழியவில்லை. கேமரா தள்ளி நின்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஒரு குறை. நடுவில் சாண்ட்ரா மாத்திரைகளை மொத்தமாக விழுங்கிவிடுகிறாள். ஆஸ்பத்திரி. அன்றைக்கே எழுந்து மறுபடி ஓட்டுக் கேட்கக் கிளம்புகிறாள். கான் விழாவின் தங்கப் பனையை இரண்டு முறை (1999, 2005) வாங்கிய இயக்குநர்களுக்கு இந்த அவசரம் எதற்கு? அவ்வளவு நேரம் நம்பவைத்த மனச்சோர்வை, ஜலதோஷம் மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

முடிவைச் சொல்லப்போகிறேன். படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

8 - 8. ஒரு ஓட்டில் தோற்கிறாள். முதலாளி கூப்பிடுகிறார். அத்தனை பேர் மனசை மாற்றியிருக்கிறாளே என்று அசந்துபோய், போனஸும் தருகிறேன், உனக்கு வேலையும் தருகிறேன் என்கிறார். கொஞ்ச நாள் பொறுத்தால் போதும், ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டுவிடுவாராம். அது டிஸ்மிஸ் இல்லையாம்! ஆக, இரண்டு நாளாக ஊரே அடித்துக்கொண்டதில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. நல்ல ஆளைத் தக்கவைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி, இன்னொரு ஆளைக் கழற்றிவிடுவது.

சாண்ட்ரா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறாள். கணவனுக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டே நடக்கிறாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதுவரை நாம் பார்க்கவில்லை. அல்ஃபோன்ஸின் ஒப்பந்தம் அப்புறம் என்ன ஆனது என்று படம் சொல்லவில்லை.