உழுதது ஜெராக்ஸ், அறுத்தது ஆப்பிள்

ஆய்வுக்கு அதிகம் செலவிடும் நிறுவனம் முன்னேறும் என்பது பொதுவான நம்பிக்கை. ‘விற்பனையில் இத்தனை சதவீதம்’ என்று ஆண்டறிக்கையிலும் பெருமையாகப் போடுகிறார்கள். அது பாதி உண்மைதான் என்பதற்கு ஜெராக்ஸே சாட்சி.

நகல் எந்திரத்தில் கொழித்த ஜெராக்ஸ், 1970இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ‘பார்க்’ ஆய்வகத்தைத் தொடங்கியது. ஜெராக்ஸின் பழைய ஆய்வகத்தில் ஊக்கம் கிடைக்காமல் அங்கே மாறிவந்த கேரி ஸ்டார்க்வெதர், நகல் எந்திரம் ஒன்றில் லேசரைப் பொருத்தி லேசர் பிரிண்டரை உருவாக்கினார். 1977இல் 9700 என்ற பெயரில் சந்தைக்கு வந்த அது, நிறுவனத்துக்குக் கோடிகோடியாய்ச் சம்பாதித்துக் கொடுத்தது. காகிதத்தில் அச்சிடுவது ஜெராக்ஸுக்குக் கைவந்த தொழில். விலை வைக்கவும் விற்கவும் தெரிந்திருந்தது.

அதே ஆய்வகத்தில் 1973இலேயே மவுஸும் படத்திரையும் கொண்ட ‘ஆல்டோ’ கணினி இயங்கியது. ஆனால் அதன் வழிவந்த ‘ஸ்டார்’ விற்பனைக்கு வந்தது 1981இல். விலை 16,595 டாலர். அதே ஆண்டு ஐபிஎம் தன் கணினியை 1,565 டாலரிலிருந்து விற்றது. 1979இல் பார்க்கைச் சுற்றிப் பார்த்த ஆப்பிள், 1984இல் மெக்கின்டாஷை 2,495 டாலருக்கு இறக்கியது. உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன்.

லேசர் பிரிண்டர், கணினி இரண்டுக்கும் பணம் போட்டது ஒரே நிறுவனம். மூளையும் ஒரே இடத்து மூளை. கண்டுபிடிப்பைக் கையில் வாங்கி, பொருளாக்கி, வாங்குபவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டுசேர்க்க ஆள் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

இதற்காக ஆய்வுச் செலவையே வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. லேசர் பிரிண்டருக்கே ஏழெட்டு ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது. கணக்கியல் விதிகளோ இந்தப் பொறுமைக்கு எதிராக நிற்கின்றன. இந்தியத் தரநிலையின்படியும், ஆராய்ச்சிக் கட்டச் செலவு முழுவதையும் அந்தந்த ஆண்டின் லாபத்திலிருந்தே கழிக்க வேண்டும். செலவு இன்று தெரியும். வரவு என்றோ வரும். அதனால்தான் லாபம் குறையும் ஆண்டில் முதல் வெட்டு ஆய்வுக்கு விழுகிறது.

ஆக, ஓராண்டு லாபத்தை வைத்து ஆய்வை எடைபோடுவதும் தவறு. செலவுச் சதவீதத்தை வைத்து மெச்சுவதும் தவறு. பங்கு வாங்குபவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஐந்தாண்டுக்கு முன் இல்லாத பொருள்களிலிருந்து இன்று எவ்வளவு விற்பனை வருகிறது?