தும்பிப் படங்களில் ஓடை எங்கே?

கவிதையை விமர்சிப்பது போல் புகைப்படத்தையும் விமர்சிக்கலாமா எனச் சிலர் வினவக்கூடும். பார்வை ஒன்று உள்ள இடத்தில் விமர்சனத்துக்கும் இடமுண்டு என்பதே எனது எண்ணம். நம் நாட்டில் பெருகிவரும் தும்பிகளின் 'மெக்ரோ' புகைப்படங்கள் பற்றிச் சில கருத்துக்களை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் அவற்றின் பெறுமதியைச் சொல்ல வேண்டும். இந்தியா, இலங்கை, பர்மா நாடுகளின் தும்பிகள் பற்றி பிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அக்காலத்தில் தும்பியை ஆராய அதைப் பிடித்து ஊசியில் குத்தியே வைத்தனர். இறந்த தும்பியின் நிறமோ விரைவில் மங்கிவிடும். கொல்லாமலே அந்நிறத்தை நமக்குக் காட்டியது கெமராதான். அதுவும் இலேசான காரியமல்ல. உண்மை அளவிலேயே உருவம் பதியுமளவுக்கு நெருங்கினால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீற்றருக்குள் சுருங்கிவிடுகிறது. கண் தெளிந்தால் வால் மங்கும். உடம்பு குளிர்ந்து தும்பி பறக்க முடியாதிருக்கும் அதிகாலையில், பனிப்புல்லில் முழந்தாளிட்டுக் காத்திருப்பவரின் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

ஆயினும் இப்படங்களிற் பலவற்றில் எனக்கொரு மனக்குறை உண்டு. வில்லையின் துவாரத்தை அகலத் திறந்து பின்னணியை ஒரே பச்சைப் புகையாகக் கரைத்துவிடுகின்றனர். பெல்மதுளையில் வாழும் எனக்கு இவ்வழகு பழகிய ஒன்று. இல்லம் எனும் சரளை மண்ணிலிருந்து கழுவியெடுத்து, பட்டை தீட்டி, வெல்வெட்டில் வைத்த கல், தான் எந்தக் குழியிலிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை.

எட்டாந்தர மாணவருக்கு இத்தகைய படமொன்றைக் காட்டினேன். "வடிவா இருக்கு சேர்" என்றார்கள். பாறையும் பாசியும் நீரும் தெரிய எடுத்த இன்னொன்றைக் காட்டியபோது, தோட்டத்துப் பிள்ளையொன்று எழுந்து, "எங்க லயத்துப் பீலிக்கரை மாதிரியே இருக்கு சேர்" என்றது. முதற்படம் அப்பிள்ளையை எங்கும் அழைத்துச் செல்லவில்லை என்பதை அப்போது விளங்கிக்கொண்டேன்.

இது வெறும் இரசனைப் பிரச்சினையன்று. இலங்கையில் ஏறத்தாழ 130 தும்பியினங்கள் உள்ளன. அவற்றுள் அரைவாசிக்குச் சற்றுக் குறைவானவை வேறெங்கும் இல்லாதவை. நம் மைதானங்களில் கூட்டமாய்ப் பறக்கும் மஞ்சள் தும்பி இந்து சமுத்திரத்தையே கடக்க வல்லது. மழைக்காட்டு ஓடையின் நிழலில் வாழும் மெல்லிய ஊசித்தும்பியோ அந்த நிழலை விட்டு அதிகம் விலகாது. கரை மரத்தைத் தறித்தால், மாணிக்கம் அகழ்ந்து நீரைக் கலக்கினால், அதற்குப் போக்கிடமில்லை. பச்சைப் புகையின் முன்னே இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. பெட்ஜானிச், கொன்னிப், வான் டெர் பூர்ட்டன், சாலமுன் ஆகியோர் 2014இல் வெளியிட்ட இலங்கைத் தும்பிகள் பற்றிய நூல் பரம்பலையும் ஆபத்து நிலையையும் தலைப்பிலேயே சேர்த்திருப்பது இங்கு கவனிக்கத்தக்கது.

இலக்கியத்திலும் நாம் இதே தவறைச் செய்திருக்கிறோம். குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் வரும் தும்பி தேனுண்ணும் வண்டு. இன்று நாம் தும்பி என்பது வேறொன்று. நவீன கவிதைகளிலோ அது இனமும் இடமும் அற்ற வெறும் படிமமாகப் பறக்கிறது.

புகைப்படக் கலைஞரிடம் நான் கேட்பது சிறிய விடயம். ஓரடி பின்வாங்குங்கள், துவாரத்தைச் சற்று ஒடுக்குங்கள். நிழலோடையில் ஒளி குறைவுதான், முக்காலி தேவைப்படும். ஆனாலும் தும்பியோடு அது அமர்ந்திருக்கும் கல்லும் படத்தில் இருக்கட்டும். தெனவக்க கங்கையில் சேரும் சிற்றோடைகளைப் பிற்காலத்தில் யாரேனும் தேடினால், அவை இருந்தமைக்கு அப்படங்களும் சாட்சியாகும்.