கரையிலேயே நின்றுவிட்ட இலக்கியம்

கடல் கடந்து போன நம் சனங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை வரிசையாக வைத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று பட்டென்று தெரியும். கப்பல் ஏறுகிற வரைக்கும் இலக்கியம் கூடவே வருகிறது, மாரடித்து அழுகிறது. கப்பல் கிளம்பியதும் அது கரையிலேயே நின்றுவிடுகிறது. போனவன் மறுநாள் காலையில் எங்கே தண்ணி மொண்டான், எதில் சோறாக்கினான், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், அங்கே பொறந்த பிள்ளைக்கு என்ன பேர் வைத்தான் என்பதெல்லாம் அதற்கு வேண்டாத சமாச்சாரம். இந்த வேண்டாமைக்குச் சாதி உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவது.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் பாலைத்திணை நடத்தும்போது பொருள்வயிற் பிரிவை உருகி உருகிச் சொல்வார்கள். பொருள் தேடிப் பிரிகிறவன் யார்? தலைவன். அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே கைக்கிளை, பெருந்திணைப் பக்கம் தள்ளி வைத்துவிட்டது தொல்காப்பியம். ஆக, பண்ணையாள் பெண்டாட்டியை விட்டுப் பிரிந்தால் அது பாலை ஆகாது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல் வழியே போகும் வழக்கமும் இல்லை என்று அதே இலக்கணம் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்களில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருக்கவேண்டும் என்று வெள்ளைக்காரன் பின்னாளில் விதியே போட்டான். இலக்கணத்துக்குள் வராத பெண்கள் கப்பலுக்குள் இருந்தார்கள். இவர்களை எந்தத் திணையில் வைப்பது?

நவீன இலக்கியம் வைத்துப் பார்த்தது. 1935இல் மணிக்கொடியில் வந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டிச் சேரிப்பெண் மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். ஒரு சேரிப்பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்திய தைரியத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மருதிக்கு அங்கே கிடைப்பது என்ன? வெள்ளைக்காரனின் இச்சை, வியாதி, அழிவு. அவள் சிரித்த ஒரு நாள், சம்பளக் காசில் ஒரு சீலை எடுத்த நாள் கதைக்குள் வர முடியவில்லை. இரக்கப்படுகிறவனுக்கு எதிரில் இருக்கிறவள் எப்போதும் விழுந்தே கிடக்க வேண்டியிருக்கிறது. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தக் கதையைப் பாடத்திலிருந்து தூக்கியது. தூக்கிவிட்டால் தீருகிற விஷயமா இது? வகுப்பில் வைத்துப் படித்து, நம் பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்டிருக்க வேண்டிய கதை.

ஊரை விட்டுப் போவதைச் சாவாக எழுதுகிறவனுக்கு ஊரில் நிலம் இருக்கும், வீடு இருக்கும், கோயிலில் முதல் மரியாதை இருக்கும். எங்களுக்கு என்ன இருந்தது? செங்கல்பட்டு ஜில்லா மிராசு பூமி. உழுத கழனி மட்டுமல்ல, குடிசை போட்டுக்கொண்ட மனையும் மிராசுதாரனுடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். 1891இல் இந்த ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கை இதைத்தான் சொன்னது. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் கைமாறிப் போய், அதை மீட்க நின்ற காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். சொந்த ஊரிலேயே குடியேறாதவர்கள் நாங்கள். எங்களைப் பார்த்து 'தாய்மண்ணைப் பிரிந்த சோகம்' என்று ஒருவர் எழுதினால், எந்த மண் என்று கேட்கத் தோணாதா?

1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்றது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி சென்னை மாகாணத்துச் சனங்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். பெண்ணுக்கு அதில் பாதி. கரும்புத் தோட்டத்தில் அடி, உதை, தற்கொலை எல்லாம் இருந்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தவன் டர்பனைச் சுற்றித் துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தான். காய்கறி போட்டுக் கூடையில் சுமந்து விற்றான். இங்கே முடியாதது அங்கே முடிந்தது. அதனால்தான் வெள்ளைக்காரனுக்கு எரிந்தது. 1895இல் தலைக்கு மூன்று பவுன் வரிச் சட்டம் போட்டு, மறுபடி கூலியாகு, இல்லையென்றால் ஊருக்குப் போ என்றான். ஊருக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் கப்பல் ஏறியவர்கள் உண்டு. ஏன் ஏறினார்கள் என்று ஒரு தமிழ் நாவல் கேட்டிருக்கலாம்.

கப்பல் பதிவேடுகளை ஒரு இலக்கியப் பிரதி போலப் படிக்கலாம். எண், பேர், அப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் எங்களைப் பெயரற்ற அடிமையாக எழுதிய நாட்டில், அப்பன் பேரோடு எங்களை எழுதிய ஏடு கூலிக் கணக்கு ஏடுதான். அதுவும் எங்களுக்காக எழுதப்பட்டதல்ல, ஓடிப்போனால் பிடிப்பதற்கு. ஆனாலும் அந்தத் தழும்பு எந்த அடியில் வந்தது என்று அந்தப் பத்தி சொல்வதில்லை. அங்கே தொடங்க வேண்டும் நம் எழுத்து.

அங்கே போய் வாழ்ந்த நம் ஆள், எழுதத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' இதழை நடத்தியவர். இங்கிலாந்து போகக் கிளம்பி, ஆப்பிரிக்காவில் தங்கி, தென்னாப்பிரிக்காவில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, 1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியவர். 1939இல் வந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' பெயருக்கேற்ற சின்னப் புத்தகம். கோயமுத்தூர் கல்லூரியில் சாதி தெரிந்துவிடுமோ என்று பையன்களோடு சேராமல் ஒதுங்கிய பயத்தை அதில் சொல்கிறார். அது இன்றைக்கும் நம் மாணவர்களைச் சுடுகிறது. அந்தப் பயம் டர்பனில் போனதா, கூடவே வந்ததா? கூண்டில் நின்ற கூலி பேசிய தமிழை மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷில் சொல்லும்போது அவர் வயிறு என்ன பாடுபட்டது? சுருக்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. மனுப்போடுவதும் சட்டசபையில் பேசுவதும் அவசர வேலையாக இருந்த தலைமுறை அது. 1924இல் பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லாருக்கும் உண்டென்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவருக்கு, தான் நடந்த டர்பன் தெருவை வர்ணிக்க நேரம் ஏது?

ஒன்றை மட்டும் யோசிக்கலாம். அங்கே வெள்ளைக்காரன் எல்லா இந்தியனையும் 'கூலி' என்றான். பாரிஸ்டர் காந்தியும் 'கூலி பாரிஸ்டர்'. வியாபாரிகள் சிலர், நாங்கள் கூலி இல்லை, அரபிகள் என்று விலகிக்கொண்டார்கள். சாதி இந்துவுக்கு அந்தச் சொல் தாங்க முடியாத அவமானம். பறையன், பள்ளன், சக்கிலியன் என்று கூப்பிடப்பட்டவனுக்கோ, அய்யனும் தானும் ஒரே பேரில் கூப்பிடப்பட்டது அதுதான் முதல் தடவை. ஒரே சொல், இரண்டு அனுபவம். நம் இலக்கியத்தில் ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பதும் பொய். இலங்கைத் தோட்டங்களில் பெரிய கங்காணிகள் பெரும்பாலும் சாதி இந்துக்கள். லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தன. 1948இல் பிரஜா உரிமை பறிபோனதும், 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டதும் அந்த லயத்துச் சனங்களைத்தான். சி.வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் போன்ற மலையக எழுத்தாளர்கள் அந்த வாழ்க்கையை உள்ளே இருந்து எழுதினார்கள். தமிழ்நாட்டு வகுப்பறைகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்.

திருப்போரூர் சுற்றுவட்டச் சேரிகளில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் படுத்த அறை, முதல் மாசம் புரியாத பாஷை, சாதியைக் கேட்காத முதலாளி, சாதியை விசாரித்த சக தமிழன் என்று சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது. பழைய மாமல்லபுரம் ரோட்டுக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் ஒரிசாக்காரனும் பீகார்க்காரனும் இப்போது குடியேறி வாழ்கிறார்கள். அவனை 'வடக்கன்' என்று நம் பையன்களே இளக்காரம் பண்ணும்போது, டர்பனில் நம் பாட்டனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது மறந்துபோகிறது.

தோழர்களே, மாணவர்களே, இதைச் சாட்சியமாக எழுதுங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை. எழுதத் தெரியாத ஆயாவிடம் உட்கார்ந்து அது பேசுகிறபடியே எழுதி வாங்குங்கள். எப்படி அழுதார்கள் என்பது போதுமான அளவு எழுதியாகிவிட்டது. எப்படி அடுப்பு மூட்டினார்கள் என்று கேளுங்கள்.