கை அறியும் இறுக்கம்

ஒரகடம் ஆலைகளுக்குப் போகும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது படப்பை. ஸ்டீயரிங் இறுகிய காரை இங்கே ஒரு தேர்ந்த மெக்கானிக் சோதிப்பதைப் பார்ப்பது எனக்குத் தீராத இன்பம்.

முதலில் முன் டயர்களின் காற்றைப் பார்ப்பார். அது குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரங்களைத் தூக்கித் திருப்புவார். லேசாகத் திரும்பினால் டயர், அலைன்மெண்ட், பவர் ஸ்டீயரிங் என்று தேடல் போகும். ஆயில் வகையென்றால் பெல்ட்டும் பம்பும். மின்சார வகையென்றால் பேட்டரியும் ஃபியூஸும்.

அந்தரத்திலும் இறுகினால்தான் கைத்திறன் தெரியும். டை ராடு முனைகளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தனியாக, ஸ்டீயரிங்கைத் தனியாக அசைப்பார். சக்கரம் முரண்டினால் பால் ஜாயிண்டோ ஸ்ட்ரட் பேரிங்கோ. ஸ்டீயரிங் முரண்டினால் ராக், அல்லது அதற்கு மேலுள்ள ஸ்டீயரிங் தண்டின் ஜாயிண்ட். கிழிந்த ரப்பர் உறை வழியே மழைத்தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருப்பதும் உண்டு, ஏரிகள் சூழ்ந்த இந்தப் பக்கம் கேட்கவே வேண்டாம். ராக்கையே மாற்றச் சொல்வது சுலபம். ஆனால் இப்படிப் பிரித்துப் பிரித்து நெருங்குவதைத்தான் நான் வித்தை என்பேன்.

சரிசெய்தபின் வளைவில் பிடியைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வண்டி மறுபடி ஜாக்கியில் ஏறும்.