மின்வாசிப்பானும் ஆங்கிலம் கற்போரின் வாசிப்பு இடர்ப்பாடும்: ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போருள் வாசிப்பில் இடர்ப்படுவோர்க்கு மின்வாசிப்பான் பெருந்துணை செய்யும் என்னும் கருத்து, 2007இல் கிண்டில் கருவி வெளிவந்த பின்னர் ஆசிரியர்களிடையே பரவியுள்ளது. எழுத்தின் அளவையும் வரியின் நீளத்தையும் மாற்றிக்கொள்ளலாம். சொல்லைத் தொட்டால் பொருள் கிடைக்கும். சில கருவிகள் உரக்கப் படித்தும் காட்டும். இவையாவும் உண்மையே. ஆயின், இக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்பெறும் ஆய்வுகள் யாரைப் பற்றியவை என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இருவகைச் சான்றுகள்

முதலாவது, ஷ்னெப்ஸ் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடுடைய 103 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், ஒரு வரியில் சில சொற்களே தோன்றும் சிறு கையடக்கக் கருவியிலும் தாளிலும் படித்தனர். எழுத்தை ஒலியாக்குவதில் மிகவும் இடர்ப்பட்டோர் கருவியில் விரைந்து படித்தனர். ஒரு பார்வையில் குறைவான எழுத்துகளையே பற்றக்கூடியவர்கள் பொருளை நன்கு உணர்ந்தனர். இப்பயன் குறிப்பிட்ட சில பிரிவினர்க்கே கிட்டியது என்பதை ஆய்வாளர்களே கூறியுள்ளனர். மேலும், இது குறைபாட்டைப் பற்றிய ஆய்வேயன்றி இரண்டாம் மொழிக் கல்வியைப் பற்றியதன்று.

இரண்டாவது, கானா நாட்டு முயற்சி. 2010இல் வேர்ல்டுரீடர் என்னும் தொண்டு நிறுவனம் அந்நாட்டின் கிழக்குப் பகுதிப் பள்ளிகளுக்குக் கிண்டில் கருவிகளை வழங்கியது. அங்குள்ள சிறார் வீட்டில் அக்கான் முதலிய மொழிகளைப் பேசிப் பள்ளியில் ஆங்கிலம் கற்பவர்கள். தொடக்கநிலை மாணவரிடம் வாசிப்பு முன்னேற்றம் காணப்பட்டது. கருவிகளுள் ஏறத்தாழ 40 விழுக்காடு உடைந்தும் போயின. இச்சிறாரை யாரும் குறைபாடு கருதித் தெரிந்தெடுக்கவில்லை. அவர்கள் முன்னேற்றத்தில், முன்பு கிடைக்காத நூல்கள் கைக்குக் கிடைத்ததற்கும் பெரும் பங்குண்டு எனக் கொள்வதே பொருந்தும்.

ஆக, ஒரு சான்று குறைபாடுடையோரைப் பற்றியது. மற்றொன்று மொழி கற்போரைப் பற்றியது. இவ்விரண்டையும் கூட்டி, இரு நிலைகளும் ஒருங்கே உடைய மூன்றாமவர்க்குப் பயன் உண்டென முடிவு கட்டுதல் தருக்கப் பிழையாகும்.

3. இடர்ப்பாட்டின் இரு கூறுகள்

காஃப், டன்மர் ஆகியோர் 1986இல் முன்வைத்த கொள்கைப்படி, வாசித்துணர்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியுணர் திறனும் பெருகி வரும் பலனாகும். கூட்டல் அன்று, பெருக்கல் என்பது இங்குக் கருதத்தக்கது. இரண்டனுள் ஒன்று இல்லையெனின் மற்றொன்று எவ்வளவு உயர்ந்தாலும் பயனில்லை.

ஆங்கிலத்தில் முதற்கூறே கடினமானது. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கெழுத்துத் தொடர், கடினம், இருமல், ஊடாக, ஆயினும் எனப் பொருள்படும் நான்கு சொற்களில் முறையே அஃப், ஆஃப், ஊ, ஓ என நால்வகையாக ஒலிக்கிறது. காஃப் அவர்களின் பெயரும் இத்தொடர் கொண்டே எழுதப்படுகிறது. தமிழிலோ ககரம் இடத்திற்கேற்ப ஒலி வேறுபடினும், அவ்வேறுபாடு பெரிதும் விதிக்குட்பட்டது. எனவே, தமிழில் தடையின்றிப் படிக்கும் மாணவர் ஆங்கிலத்தில் தடுமாறினால் அதனை உடனே குறைபாடு என்றல் கூடாது. மறுதலையாக, எழுத்தும் ஒலியும் ஒத்துச் செல்லும் மொழியில் குறைபாடு பிழையாக வெளிப்படாமல் தாமதமாகவே வெளிப்படலாம். ஜெர்மன் மொழிச் சிறாரிடம் விம்மர் 1993இல் இதனைக் கண்டறிந்தார். ஆதலின், முதல்மொழியில் பிழையை மட்டும் எண்ணாது விரைவையும் அளந்த பின்னரே எவ்வகை இடர்ப்பாடு என்பதைத் துணிதல் வேண்டும்.

4. கருவியின் வசதிகள்

முதற்கூற்றுக்கு உதவுவன எழுத்துருவும் இடைவெளியும் ஆகும். 2012இல் சோர்சி முதலியோர், எழுத்திடைவெளியைக் கூட்டியபோது குறைபாடுடைய இத்தாலிய, பிரெஞ்சுச் சிறாரின் வாசிப்பு மேம்பட்டதைக் காட்டினர். மாறாக, இக்குறைபாட்டினர்க்கெனவே அமைந்த ஓபன்டிஸ்லெக்சிக் எழுத்துருவால் விரைவோ திருத்தமோ கூடவில்லை என்று 2017இல் வெரி, டிலிபெர்ட்டோ ஆகியோர் காட்டினர். எழுத்தின் வடிவத்தினும் இடைவெளியே முதன்மையானது என்பது இவற்றால் பெறப்படும்.

இரண்டாம் கூற்றுக்கு உதவுவது அகராதி. ஹூ, நேஷன் ஆகியோரின் 2000ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஒரு பனுவலைத் துணையின்றி உணர அதன் சொற்களுள் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருத்தல் வேண்டும். 250 சொற்கள் உள்ள பக்கத்தில் தெரியாதவை 5 எனின் அகராதி துணை. 25 எனின் வாசிப்பு சொல் தேடலாகவே முடியும். மேலும், புட், அப், வித் என்னும் மூன்று சொற்கள் சேர்ந்து 'பொறுத்துக்கொள்' எனப் பொருள்படுமிடத்தில், ஒன்றை மட்டும் தொடும் மாணவர்க்கு அப்பொருள் கிட்டுவது அரிது. பேர் என்னும் வினைச்சொல்லைத் தொட்டவர்க்குக் 'கரடி' என்னும் பெயர்ப்பொருள் முதலில் நின்றால், 'தாங்க இயலாது' என்னும் தொடர் சிதைந்துபோகும்.

2014இல் வந்த வேர்ட்வைஸ் வசதி, அருஞ்சொல்லின் மேலே சிறு குறிப்பைத் தானே அச்சிடுகிறது. சொல்வளம் குறைந்தார்க்கு இது நன்று. ஆயின், இடைவெளியை நாடும் கண்ணுக்கு இதே குறிப்பு நெருக்கத்தைக் கூட்டக்கூடும். ஒரு கூற்றுக்கு மருந்தாவது மற்றொரு கூற்றுக்குத் தடையாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இரு கூறுகளிலும் இடர்ப்படும் மாணவரிடத்தே இதனைச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

உரக்கப் படிக்கும் குரலும் இத்தகையதே. ஒலியாக்கும் சுமையை அது நீக்கும். ஆனால், செவிவழி ஆங்கிலமும் அறியாதார்க்குத் தெரியாத எழுத்தைத் தெரியாத ஒலியாக மாற்றித் தருவதோடு அமையும். 2009இல் கிண்டிலின் இரண்டாம் பதிப்பு இவ்வசதியுடன் வந்தபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. அதன்பின் நூல்தோறும் குரலை நிறுத்திவைக்கும் உரிமை உரிமையாளர்க்கு அளிக்கப்பட்டது. கருவியின் திறன் வேறு, கற்போர் கையில் எஞ்சும் திறன் வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

5. முடிவுரை

மின்வாசிப்பான் பயனற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அது ஒரே மருந்தன்று. பல மருந்துகள் அடங்கிய பேழை. எவ்விடர்க்கு எவ்வசதி என்று வரையறுக்காமல் அனைத்தையும் திறந்துவைத்தல் மாணவரைக் குழப்பும். குறைபாடு இல்லாதாரைக் குறைபாடுடையார் என ஒதுக்குதலும், குறைபாடுடையாரை 'ஆங்கிலம் வாராதவர்' என்று விட்டுவிடுதலும் ஒருங்கே நிகழும். இவற்றுள் இரண்டாவதே பெருந்தீங்கு. ஏனெனில், அம்மாணவர் உதவி கோருதற்குரிய காரணமே மறைந்துபோகிறது.

மொழியியலார் முதல்மொழி வாசிப்பு விரைவை அளக்கும் கருவிகளை இந்திய மொழிகள்தோறும் ஆக்கித் தருதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தனிச்சொல்லுக்கன்றித் தொடருக்கும் சூழலுக்கும் பொருந்தும் குறிப்புகளை முதல்மொழியில் எழுதித் தருதல் வேண்டும். இவ்விரு பணிகளும் நிறைவேறிய பின்னரே, கருவியை யாருக்குக் கொடுப்பது, அதில் எதனைத் திறந்துவைப்பது என்று ஆசிரியர் தெளிந்து கூற இயலும்.